சிவப்புப் பொட்டு வைத்த திருகு

அப்துல் சமத்துக்கு அறுபத்திரண்டு வயது. அதில் நாற்பது வருஷம் ஜெனரேட்டரோடு போனது. புதிதாக விற்பவர் அல்ல. ஓரிடத்தில் ஓடியதை இன்னோரிடத்துக்கு ஒத்துவரும்படி மாற்றிக் கொடுப்பவர். மயிலாப்பூர் சபாவுக்குச் சத்தம் கூடாது. பெசன்ட் நகர் ஐஸ்கிரீம் கடைக்குச் சத்தம் பரவாயில்லை, நாள் முழுக்க நிற்காமல் ஓட வேண்டும். ஆளுக்கு ஒரு தேவை. முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகும் மொட்டைமாடி ஏறிக்கொண்டுதான் இருந்தார்.

தி. நகர் கல்யாண மண்டபத்து மேனேஜர் சுப்பராமன் ஒருநாள் அலுத்துக்கொண்டார்.

"பாய், கரண்டு அரை நிமிஷத்துல தானா வந்துடறது. அதுக்குள்ள உங்க மெஷின் உறுமிண்டு கெளம்பினா நாதஸ்வரம் யார் காதுல விழும்? சித்த பொறுத்து வரட்டுமே."

மின்சாரம் போய் எத்தனை விநாடியில் ஜெனரேட்டர் கிளம்ப வேண்டும் என்பதற்கு அதன் கண்ட்ரோல் பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு. சமத் அதை நாற்பதில் வைத்தார். பிறகு எப்போதும்போல் அதன் தலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் அது சமத் பார்த்து முடித்த திருகு. வேறு யாரும் தொடக்கூடாது. பூச்சு மனைவி ஹமீதுன்னிசாவினுடையது. தாய்மாமன் அமீனின் இரண்டாவது மகள் அவள். கல்யாணத்துக்கு வாங்கிய பூச்சிலிருந்தே அவள் குப்பி எல்லாம் அவருடைய பையில்தான் தீர்ந்தது.

மூன்று வருஷம் கழித்து மண்டபம் பெரிய மெஷின் வாங்கியது. பழையதை அடையாற்றில் ஒரு சின்ன டயாலிசிஸ் சென்டர் எடுத்துக்கொண்டது. ஹமீதுன்னிசாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போவதும் அங்கேதான். அதனால் சமத் மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டார். புகை ஜன்னல் பக்கம் வராமல் குழாயை உயர்த்தினார், அதிராமலிருக்க அடியில் ரப்பர் கொடுத்தார். கடைசியில் பெட்டியைத் திறந்தார். பொட்டு தெரிந்தது. தான் பார்த்ததுதானே என்று மூடிவிட்டார். உள்ளே நோயாளிகள் இருந்ததால் மெயின் சுவிட்சை இறக்கி, கரண்டு போனால் தானாகக் கிளம்புகிறதா என்று பார்க்கவில்லை; சாவியைத் திருப்பி ஓட்டிக் காட்டிவிட்டு வந்தார்.

அடுத்த செவ்வாய், பகல் இரண்டு மணிக்குக் கரண்டு போனது. டயாலிசிஸ் மெஷின்கள் பழையவை, அவற்றின் பேட்டரி தாங்கவில்லை. ரத்தத்தைச் சுற்றவைக்கும் பம்பு நின்றது. நின்றால் ரத்தம் குழாயிலேயே உறைந்துபோகும். அன்று ஹமீதுன்னிசாவும் ஒரு கிழவரும் படுத்திருந்தார்கள், சமத் மனைவியின் அருகில் இருந்தார். நர்ஸ் சரோஜாதேவி ஒருத்திதான். அவள் கிழவரின் மெஷினுக்கு ஓடிக்கொண்டே சொன்னாள்:

"பாய், அக்கா மிஷின்ல அந்தக் கைப்பிடிய சுத்து. நிறுத்தாத, மெதுவா சுத்திக்கினே இரு. இன்னா உன் ஜெனரேட்டர் தூங்கினு கீது?"

சமத் சுற்றினார். அவர் கை சுற்றச் சுற்ற மனைவியின் ரத்தம் கண்ணெதிரே நகர்ந்தது. மனசுக்குள் எண்ணினார். பத்து தாண்டியது. இருபது. முப்பதில் அவருக்குப் புரிந்துவிட்டது. அதன்பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் எண்ணினார். நாற்பதில் மெஷின் உறுமியது.

கைப்பிடியை விட்டார். சரோஜாதேவியிடம் மறைக்கவில்லை, தப்பு என்னுடையது, மண்டபத்துக்கு வைத்ததை மாற்றாமல் விட்டேன் என்றார். அவள் குழாயைத் தட்டிப் பார்த்தாள். உறையவில்லை.

இரண்டு பேருக்கும் டயாலிசிஸ் முடிந்து ஊசியை எடுத்த பிறகு திருகை ஐந்துக்குக் கொண்டுவந்தார். மெயினை மூன்று தடவை இறக்கினார். மூன்று தடவையும் ஹமீதுன்னிசா பஞ்சை அழுத்தியபடி வாய்விட்டு ஐந்துவரை எண்ணினாள். பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுக் குப்பியைத் திறந்தபோது அவள் தடுத்தாள்.

"வேணாங்க. பொட்டப் பாத்தா நீங்க திருகப் பாக்கமாட்டீங்க."

குப்பியை அவளிடமே கொடுத்தார். ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்து அவள் தூங்கினாள். சமத், தான் பொட்டு வைத்த பிறகு இடம் மாறிப்போன பெட்டிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தார். லாட்ஜிலிருந்து வடபழனி பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனது ஒன்று. கே.கே. நகரில் இரண்டு. இன்னும் இருக்கும். முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, வண்டியை வடபழனிப் பக்கம் விடச் சொன்னார்.