வண்டியைப் பிரித்துப் போட்ட ஞாயிறு

மதுரை விளாங்குடி வீட்டின் முன்வாசலில் எங்கள் மோட்டார் சைக்கிள் முன்சக்கரம் இல்லாமல் நின்றது. இன்ஜினுக்கு அடியில் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார் என் கணவர். முன்பக்கத்து ஃபோர்க் குழாய்கள் இரண்டிலும் கொஞ்ச நாளாக எண்ணெய் கசிந்து, பிரேக் டிரம் வரை இறங்கியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்துவிட்டதாம். மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். "சீல் மாத்துறது என்ன பெரிய வேலை? நானே மாத்திருவேன்" என்றார்.

பழைய சீல்களை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்து முடித்த நேரம், பக்கத்து வீட்டு அக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். "ஒனக்குப் போன் வந்திருக்கு. ஒந்தங்கச்சி. அழுகுது."

எங்கள் நான்கு வயது மகள் விடுமுறைக்கு எழுமலையில் என் தங்கை வீட்டில் இருந்தாள். ஓடிப்போய் ரிசீவரை எடுத்தேன்.

"அக்கா, பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். காலைல வலிப்பு வந்துருச்சு. உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். இன்னொரு தடவ வந்தா மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. எப்படிக்கா போவேன்? இங்க மறியல் நடக்குது. பஸ்ஸு ஒண்ணும் ஓடல."

அந்த அக்கா தன் மகனை விட்டு வாடகைக் காருக்கும் சொல்லிப் பார்த்தார். மறியல் நடக்கிற பக்கம் போனால் கண்ணாடியை உடைப்பாய்ங்க, வரமுடியாது என்று பதில் வந்தது.

நான் திரும்பி வந்து கணவரிடம் சொன்னேன். பிரித்துப்போட்ட சாமான்களை ஒருமுறை பார்த்தார். ஸ்பிரிங்குகள், நட்டுகள், மட்கார்டு எல்லாம் பழைய வேட்டி மேல் பரப்பிக் கிடந்தன. அவரைத் திட்ட வேண்டும் போலிருந்தது. திட்டுகிற நேரத்தில் ஒரு நட்டு ஏறும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

புது சீலைக் குழாயில் மாட்டிக் கீழே இறக்கி, அதன்மேல் பழைய சீலை வைத்து, பிளாஸ்டிக் பைப் துண்டால் இடித்து உட்கார வைக்க வேண்டும். முதல் சீலை அவசரமாக இடித்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. குனிந்து பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"ஓரம் கிழிஞ்சிருச்சு."

"வேற இருக்கா?"

"ரெண்டுதான வாங்குனேன். இன்னைக்குக் கடையும் இருக்காது."

"இது கிடக்கட்டும். அடுத்ததப் பாருங்க. பைப்ப நான் பிடிக்கிறேன்."

இரண்டு கையாலும் பைப்பை நேராகப் பிடித்தேன். அவர் சுத்தியலை மெதுவாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் சீலைச் சுற்றிப் பார்த்து, "இங்கிட்டு ஒரு தட்டு" என்று நான் சொல்லச் சொல்ல, அது ஒழுங்காக உட்கார்ந்தது.

எண்ணெயை அளந்து ஊற்ற வேண்டும், இரண்டு குழாய்க்கும் ஒரே அளவு. எதில் அளப்பது என்று அவர் தேடும்போதே நான் அடுக்களைக்குப் போய் மகளின் பழைய பால் பாட்டிலை எடுத்துவந்தேன். அதில் கோடு போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் அவர், "வேணாம்டி, வேற எதாச்சும்..." என்றார். "ஊத்துங்க" என்றேன்.

மேல்மூடியைப் போடுவதுதான் பெரும்பாடு. ஸ்பிரிங் மேலே தள்ளுகிறது. அவர் தன் பாரத்தையெல்லாம் போட்டு அமுக்க, நான் ஸ்பேனரைத் திருகினேன். மரை பிடிக்காமல் இரண்டு தடவை மூடி எகிறியது. பிடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம்.

சக்கரத்தையும் மாட்டி முடித்து, கிழிந்த சீல் இருந்த பக்கம் துணியை இறுகச் சுற்றிக் கட்டினார். "முன் பிரேக்க நம்ப முடியாது. பின் பிரேக்குதான். நல்லாப் பிடிச்சுக்க."

செக்கானூரணியில் பஸ்கள் வரிசையாக நின்றன. அதைத் தாண்டியதும் ரோட்டில் ஆளே இல்லை. ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. பழக்கத்தில் முன் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துவிட்டார். அது பிடிக்கவே இல்லை. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், கடைசி ஆட்டின் வால் என் முழங்காலில் பட வண்டி நின்றது. ஆட்டுக்காரர் கத்தியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

உசிலம்பட்டிக்கு முன்னால் மறியல்காரர்கள் முள்மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். நாலைந்து பேர் வந்து வண்டிச் சாவியில் கை வைத்தார்கள்.

"எங்க போறீக?"

"பிள்ளைக்கு வலிப்புண்ணே. ஆஸ்பத்திரில கிடக்கு" என்றேன்.

அவர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏய், முள்ள இழுங்கடா. யம்மா, இறங்கி நடந்து வா, வண்டிய நாங்க தூக்கி விடுறோம்" என்றார். தூக்கியும் விட்டார்கள்.

வார்டில் நெற்றியில் ஈரத்துணியோடு மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி வலிப்பு வரவில்லை, காய்ச்சலும் இறங்குகிறது என்றார் நர்ஸ். காய்ச்சல் ஏறும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி வருவதுண்டாம். தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அழாமல் மகளின் காலைத் தொட்டேன். சுட்டது, ஆனால் கொதிக்கவில்லை.

கண்ணைத் திறந்தவள் என்னையே பார்த்தாள். எண்ணெய்க்கறை போகாத கையால் அவள் கன்னத்தைத் தடவினேன். மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா, ஒங்கை நாறுது."

வாசற்படியிலேயே நின்றிருந்த என் கணவர், அதைக் கேட்டதும் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.