ஏகாம்பரத்தின் இந்தி

போன வாரம் ஒரகடத்தில் ஒரு மெஸ்ஸைத் தாண்டும்போது கடுகெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. இப்போது அங்கே பாதிப் பேர் வடக்கத்திக்காரர்கள். அந்த வாசனையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு மட்டும் ஏகாம்பரத்தின் ஞாபகம் வந்து, இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிந்தது.

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேத் பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவன் பிள்ளைப்பாக்கத்துக்காரன். எதிரே இருந்த டீக்கடையில் ஒரு பழக்கம் உண்டு. வருகிற ஒரே பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வோம். கையில் தாள் உள்ளவன் மற்றவர்களுக்கு உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. பேப்பரும் முழுசாக வேண்டும், நாடும் முழுசாக வேண்டும் என்கிற ஆள் நான்.

மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று ஏகாம்பரம் ஆரம்பித்தால் கடையே அவன் பக்கம் திரும்பும்.

"இங்க ஒரு கம்பெனி வர்றதுக்கு டில்லில போயி கை கட்டிகினு நிக்கணும். இன்னா நாயம் இது?"

நான் விடமாட்டேன். "ஆளாளுக்குப் பிச்சுக் குடுத்தா இந்தப் பேப்பர் கதிதான். எவன் கையிலயும் முழு சேதி இருக்காது."

"ஆனா எல்லாரும் ஒரே நேரத்துல படிக்கிறோமா இல்லியா?"

கடை சிரித்தது. பேப்பரைக் காட்டி நான் சொன்னது ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்த வாதம். அதை உடைக்க அவனுக்கு ஒரு வாய் டீ குடிக்கிற நேரம் போதும். எப்படிப் பொறுக்கும், நீங்களே சொல்லுங்கள்.

பட்டறையில் ராம்லால் என்று பீகாரிலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். தமிழ் தெரியாது. மே மாதம், எங்கள் ஊர்ப் பெயரை உலகமே கேட்ட அந்தக் கொடுமைக்கு மறுநாள், கடைகள் சாத்திக் கிடந்தன. தெருவெல்லாம் போலீஸ். தனியாக இருக்கிற மனுஷன் பயந்துபோயிருப்பாரே, நாமெல்லாம் ஒரே தேசம் என்று காட்ட வேண்டாமா என்று ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு அவர் அறைக்குப் போனேன். கொஞ்சம் பெருமையோடுதான் போனேன்.

கதவைத் தள்ளினால் கடுகெண்ணெய் வாசனை. ராம்லால் சப்பாத்தி போட, ஏகாம்பரம் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே அவரோடு பேசிக்கொண்டிருந்தான். இந்தியில்!

"நீ எப்படா கத்துகினே?"

"டில்லி படின்னா படிக்க மாட்டேன். இவரு சொன்னா படிப்பேன். குந்து, துன்னு."

சாப்பிட்டேன். ருசியாக வேறு இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. ராம்லாலிடம் பேச எனக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. பிஸ்கெட்டை நீட்டிச் சிரித்தேன். அதற்குப் பிறகும் ராம்லால் என்னிடம் எது கேட்டாலும் ஏகாம்பரத்தைத்தான் திரும்பிப் பார்ப்பேன், அவன்தான் பதில் சொல்வான்.

மத்திய அரசு பலமாக இருந்தால்தான் நாடு நிற்கும் என்ற என் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் ராம்லால் மகள் கல்யாணத்துக்குப் பீகார் வரை ரயிலேறிப் போனவன் அவன். நான் திருப்பதியைத் தாண்டியதில்லை.

அந்த டீக்கடையைச் சாலை விழுங்கிவிட்டது. ஏகாம்பரமும் போய்ச் சேர்ந்துவிட்டான். மெஸ் வாசலில் ஒவ்வொருவர் கையிலும் போன். அதில் முழுப் பேப்பரும் இருக்கிறது. நான் ஆசைப்பட்டதுதான். யாரும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் இந்தியில் ஏதோ கேட்டார். பழக்கதோஷத்தில், பதில் சொல்லடா என்பதுபோலப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.