ஒரு கும்பிடு தாங்காத வானூர்தி

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால், சென்னையிலிருந்து வரும் வானூர்தி சக்கரங்களை இறக்கிவிட்டுக்கொண்டு தாழ்வது தெரியும். கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் அதை அண்ணாந்து பார்ப்பதே என் மாலைநேர அலுவலாயிற்று. பார்வை ஆர்வமாகி, ஆர்வம் படிப்பாகி, படிப்பு போர் வானூர்திகளில் போய் நின்றது. எழுபதைக் கடந்த தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன விடை ஒன்றுதான்: யாப்பைப் போலவே இங்கும், ஒன்றைப் பெற வேண்டுமானால் மற்றொன்றை விட்டாக வேண்டும்.

விரைந்து செல்லச் சிறிய இறக்கை வேண்டும். சட்டெனத் திரும்பப் பெரிய இறக்கை வேண்டும். நெடுந்தொலைவு போக எரிபொருளை நிரப்பினால் எடை ஏறிச் சுறுசுறுப்பு போய்விடும். ரேடாருக்குத் தெரியாமல் போக வேண்டுமானால் ஏவுகணைகளை வயிற்றுக்குள் ஒளிக்க வேண்டும். வயிற்றிலோ இடம் கொஞ்சம். இறக்கையில் தொங்கவிட்டால் நிறையக் கொண்டுபோகலாம். ஆனால் எதிரி தொலைவிலேயே கண்டுகொள்வான். இந்தக் கடைசிச் சிக்கலை நான் நூல்களில் படிக்கும் முன்பே என் ஸ்கூட்டரில் பட்டறிந்திருந்தேன். மாதிரி வானூர்திக்கான மோட்டாரை இருக்கைக்கு அடியில் வைத்துக் கொணர்ந்தால் வீட்டு வாயிலைக் கடந்துவிடலாம். தெர்மாகோல் பலகையைக் காலருகே நிறுத்திக் கொணர்ந்தாலோ, என் மனைவி தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

“இன்னைக்கும் தெர்மாகோலா? மாடி ரூம்பு பூரா வெள்ளை வெள்ளையாக் கெடக்கு. கூட்டிக் கூட்டி என் இடுப்பு போச்சு.”

இந்தப் பித்து என்னோடு நிற்கவில்லை. என் மகளின் மாமனாரையும் பற்றிக்கொண்டது. அவர் சௌராட்டிரர்; சுங்குடிச் சேலை வணிகத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வில் இருப்பவர். பேரக்குழந்தையைப் பார்க்க வந்தவர் என் மாடியறையைப் பார்த்துவிட்டு, மறுவாரமே ஒரு வானூர்தி செய்துகொண்டு வந்தார்.

வானூர்தி நிலையம் அருகில் இருப்பதால் எங்கள் பகுதியில் மாதிரி ஊர்திகளைப் பறக்கவிடுதல் கூடாது. ஆகவே ஞாயிறுதோறும் மேலூருக்கும் அழகர்கோவிலுக்கும் இடையே வறண்டு கிடக்கும் ஒரு கண்மாய்க்குப் போவோம். அங்கே எங்களைப் போன்றோர் சிலர் கூடுவர். குழுவுக்குத் தலைவி மேலூரில் கால்நடை மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மையார். எங்கள் ஆட்டம் எளியது. ஊர்தி ஒவ்வொன்றின் வாலிலும் நீண்ட வண்ணக் காகித நாடா கட்டப்பட்டிருக்கும். எதிராளியின் நாடாவை நம் ஊர்தியின் விசிறி வெட்ட வேண்டும். வெட்டியவர் வென்றார்; தரையைத் தொட்ட ஊர்தி தோற்றது.

சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் நடக்கவிருந்த போட்டிக்கு எங்கள் குழுவிலிருந்து ஓர் ஊர்தியை அழைத்திருந்தார்கள். யாரை அனுப்புவது என்று எங்களுக்குள் ஆடியதில், மற்றவர்கள் எல்லாரும் தோற்று விலகியபின் எஞ்சியவர்கள் நானும் சம்பந்தியும். அந்த இடத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி நாள் தொட்டு எந்த ஆட்டத்திலும் எவரும் என்னை அணியில் சேர்த்ததில்லை. பந்தை எடுத்துப் போடும் வேலைக்குக்கூட வேறொருவனைத்தான் அழைத்தார்கள். எழுபது வயதில் ஓர் ஊரின் சார்பில் ஆடப் போவது எனக்குச் சிறிய செய்தியன்று.

எனவே ஊர்தியைப் புதிதாகவே செய்தேன். தற்காலப் போர் வானூர்தி வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்படுவது. எடையின் மையத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஊர்தி எப்போதும் கவிழத் துடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துடிப்பே அதைக் கண்ணிமைப்பில் திரும்ப வைக்கும். நானும் மின்கலத்தைப் பின்னால் நகர்த்தினேன். விரல் அசைந்தால் போதும், அது வாளைமீனாகத் துள்ளிற்று. சம்பந்தியின் ஊர்தியோ இறக்கை நுனிகளைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு, ஆடி அசைந்து போகும்.

“சம்மந்தி, இதுக்கு லாடம் அடிச்சாச்சா? மாட்டுவண்டி மாதிரில்ல போகுது!” என்றேன், நாங்கள் இருவரும் மோதவிருந்த அந்த ஞாயிறன்று.

“மாட்டக் கொறச்சுப் பேசாதீக ஐயா, என் பொழப்பே அதுலதான் ஓடுது” என்றார் மருத்துவர்.

சம்பந்தி சிரித்தார். “மாட்டுவண்டி வீடு போய்ச் சேரும் சம்மந்தி. ஒங்க ராக்கெட்டு எங்க போய்ச் சேருமோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.”

எங்கள் ஊர்திகளைக் கையால் எறிந்துதான் ஏற்ற வேண்டும். அவருக்குத் தோள்பட்டை வலி. ஆகவே எதிரியின் ஊர்தியையும் நானே ஓடிப்போய் எறிந்துவிட்டு, திரும்பி வந்து என்னுடையதையும் எறிந்தேன். ரிமோட் இயக்குபெட்டிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அருகருகே நின்றோம். அந்தக் கழுத்துப்பட்டைகள் இரண்டும் அவர் சுங்குடித் துணியில் தைத்துக் கொடுத்தவை.

இக்காலப் போரில் பெரும்பாலும் கண்ணுக்கெட்டாத் தொலைவிலிருந்தே ஏவுகணையை விடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்களிடம் இருந்ததோ காகித நாடா; நெருங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே நான் பழைய உத்திகளை நாடினேன். உயரத்தை வேகமாக்கலாம், வேகத்தை உயரமாக்கலாம். ஆனால் வளைந்து வளைந்து திரும்பினால் இரண்டும் கரைந்துவிடும். எனவே முதலில் உயரம் ஏறினேன். அடுத்து, கதிரவனுக்கு முன்னால் நின்று பாய்ந்தால் எதிரிக்குக் கண் கூசும் என்று படித்திருந்தேன். அழகர்மலைக்கு மேல் சாய்ந்துகொண்டிருந்த வெயிலுக்குள் என் ஊர்தியைச் செலுத்தினேன். என் ஊர்தி எனக்கே தெரியவில்லை.

“சம்மந்தி, ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான நிக்கிறோம்? ஒங்க கண்ணும்தான கூசும்?”

“பேசாம ஓட்டுங்க சம்மந்தி.”

ஒருவாறு கண்ணைச் சுருக்கி அதைக் கண்டெடுத்தேன். அவருடைய ஊர்தி கீழே மெல்ல வட்டமிட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் நாடா பின்னால் நெளிந்தது. மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தேன். அவர் இடப்புறம் திரும்பினார். நான் அவருக்கு உட்புறமாகத் திரும்பினேன். அவர் வலப்புறம் வளைந்தார். அதற்கும் முன்னே அங்கிருந்தேன். நாடாவின் நுனி என் விசிறிக்கு முன்னால் ஆடிற்று.

“ஐயா, விடாதீக!” என்று, தாம் அன்றைய நடுவர் என்பதையே மறந்து மருத்துவர் கூவினார்.

அப்போது மலைப்பக்கமிருந்து ஒரு கருடன் வந்தது. செம்மண் நிற இறக்கை, வெண்ணிறக் கழுத்து. எங்கள் தலைக்கு நேர்மேலே நிதானமாக ஒரு வட்டமிட்டது.

“கருடன்! சம்மந்தி, கருடன்!” சம்பந்தி இரு கைகளையும் தலைக்குமேல் குவித்தார். மருத்துவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் கைகளும் எழுந்து கூப்பி நின்றன. அவற்றை நான் எழுப்பவில்லை. எழுபதாண்டுப் பழக்கம் எழுப்பிற்று. மருத்துவர் கையில் ஒன்றுமில்லை. எங்கள் இருவர் கழுத்திலும் இயக்குபெட்டிகள் கேட்பாரற்றுத் தொங்கின.

சம்பந்தியின் மாட்டுவண்டி தன் இறக்கைகளைத் தானே சமன்செய்துகொண்டு, நேராக, ஒன்றும் நேராதது போலப் போய்க்கொண்டிருந்தது. என் ஊர்தி மூக்கைத் தூக்கிற்று, ஒருபுறம் கவிழ்ந்தது, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சீமைக் கருவேலம் புதருக்குள் போய் விழுந்தது.

மெய்யான போர் வானூர்திக்குள் கணிப்பொறிகள் நொடிக்குப் பலமுறை அதன் தள்ளாட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். அவை எதையும் கும்பிடா. என் ஊர்தியில் அந்தக் கணிப்பொறி என் இரு கைகளே.

“கருடன் குறுக்க வந்துருச்சு. இத ஆட்டமாச் சேத்துக்கிறக் கூடாதும்மா” என்றேன்.

“கருடன் ரெண்டு பேருக்கும் பொதுவாத்தானய்யா வந்துச்சு” என்றார் மருத்துவர்.

“ஒரு கும்பிடு தாங்கலயே சம்மந்தி ஒங்க பிளேனு!” என்று சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முள்ளுக்குள் கையை விட்டு மோட்டாரை எடுக்கும்போது, பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்ற நாள்களின் அதே கசப்பு நாவில் ஊறிற்று.

எஞ்சியவற்றை ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில் வைத்து வீடு சேர்ந்தேன். எதுவும் வெளியே தெரியவில்லை. ஆயினும் மனைவி என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், “போச்சா?” என்றார். பிறகு, “சரி, மேல ரூம்ப நாளைக்குக் கூட்டிக்கிறேன். காப்பி போடுறேன், ஒக்காருங்க” என்றார்.

மறுநாள் காலையிலேயே சம்பந்தி வந்துவிட்டார். கையில் புது மஞ்சள் நாடாச் சுருள்.

“சம்மந்தி, சனிக்கிழமை காலைல கோயம்புத்தூர் கெளம்புறோம். ஒங்க பேரையும் குடுத்தாச்சு.”

“நான் எதுக்கு? நாந்தான் தோத்தாச்சே.”

“அப்புறம் யாரு எறிவா? என் தோளு இருக்கிற இருப்புக்கு ஒரு எலுமிச்சம்பழத்தத் தூக்கிப் போட முடியாது. எறியிறதுக்கு ஆளு கூட வரலாம்னு டாக்டரம்மா கேட்டுச் சொல்லிருச்சு. அணியில ரெண்டு பேரு.”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைக்க வேண்டிய அளவுக்கு அதில் அழுக்கு இல்லை.

“ஆனா ஒண்ணு கேக்கணும்” என்றார் அவர், நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டு. “நீங்க படிச்சவுக. கோயம்புத்தூர்ல கருடன் இருக்குமா?”

“இருக்கும். ஏன்?”

“வந்துச்சுன்னா அங்க நம்மள எதுத்து ஆடுறவங்களும் கும்பிடத்தான செய்வாங்க?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உத்தி என்றால் அது உத்தி.