தம்புரா சேராத காலை

காலை ஒன்பதரை மணி. வகுப்பறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் நாற்காலியில் யாரோ வைத்திருந்த சிவப்பு ஹெல்மெட். அதை நகர்த்திவிட்டு உட்கார்ந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. மதுரையில் ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறையில் ஆசிரியையாக இருக்கிறேன். அன்று செவிப்பயிற்சி வகுப்பு. நான் ஒரு ஸ்வரத்தை வாசித்தால், அது எது என்று மாணவர்கள் காதால் கேட்டே சொல்ல வேண்டும். அதற்கு முதலில் தம்புரா சுத்தமாகச் சேர்ந்திருக்க வேண்டும். இடப்பக்கம் சுருதிப் பெட்டியை ஒலிக்கவிட்டு, வலது தோளோரம் நிறுத்திய தம்புராவை அதனோடு சேர்த்தேன். முந்தைய நாளிலிருந்தே வலது காது அடைத்தாற்போல் இருந்தது. சளி என்று விட்டுவிட்டேன்.

"சேந்துருச்சா?" என்று கேட்டேன்.

"சேந்துருச்சு மேடம்" என்றது வகுப்பு.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சேரல மேடம். பெட்டி ஒரு பக்கம் போகுது, தம்புரா ஒரு பக்கம் போகுது."

சொன்னவள் பேரையூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவளுக்குத்தான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, மேடத்துக்கே சுருதி சொல்ல வந்துட்டா" என்றான் ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரன்.

எனக்கும் சுருக்கென்றது. "அப்ப நீயே வந்து சேத்துக் காட்டு" என்றேன். தயங்காமல் வந்து, தந்திகளை முறுக்கும் பிரடைகளைத் திருகினாள். அவள் சேர்த்து முடித்தபோது எனக்குக் காது கூசியது.

"எது சரி?" என்று மற்றவர்களைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நீங்க சேத்ததுதான் மேடம்" என்றான் அவன்.

"டேய், பொய் சொல்லாத. மேடம் சேக்கும்போது மொத ஆளா மூஞ்சியச் சுளிச்சவன் நீதான்" என்றாள் அவள்.

நான் இடது காதைப் பொத்திக்கொண்டு ஒரு தந்தியை மீட்டினேன். பிறகு வலது காதைப் பொத்திக்கொண்டு அதே தந்தியை மீட்டினேன். ஒரே தந்தி இரண்டு ஸ்வரமாகக் கேட்டது. காதை நம்பித்தான் என் வேலையே இருக்கிறது.

சமாளித்துக்கொண்டு, காதில் சளி அடைத்திருக்கிறது, அடுத்த வாரம் தேர்வு முடிந்ததும் டாக்டரைப் பார்க்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. "எங்க சித்தியும் இப்படித்தான் மேடம், சளின்னு நெனச்சு எண்ணெய ஊத்திக்கிட்டே இருந்தாக. இப்ப அந்தக் காது சுத்தமா கேக்காது. நீங்க வர்றீகளா, இல்ல நான் இங்கேயே ஒக்காந்து அழுகவா?"

ஹெல்மெட்டுக்காரனிடம் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கினாள். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டி, வாரையும் அவளே போட்டுவிட்டாள். வில்லாபுரத்தில் அவள் சித்திக்கு வைத்தியம் பார்த்த டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அவர் பரிசோதித்துவிட்டு, இது சளியல்ல, நரம்புப் பிரச்சினை என்றார். நாட்களைக் கடத்தியிருந்தால் தன்னால் அதிகம் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். காதுக்குள் ஊசி போட்டபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லா இறுக்கிப் பிடிங்க மேடம், மாடு மிதிச்ச கைதான்" என்றாள்.

அன்று வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் நல்ல காது. நான் பழக்கிய காதுகள். ஆசிரியர் சேர்த்த சுருதியைக் குறை சொல்லக் கூடாது என்பதும் நாங்கள் பழக்கியதுதான். அந்தப் பாடம் அவளுக்கு ஏறவில்லை. அதனால்தான் என் காது பிழைத்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் மாதம் ஒரு காலை, இரண்டு காதிலும் தந்தி ஒன்றுபோல் ஒலித்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன்.

"பஸ்ஸுல பாட்டு அலறுது மேடம், ஒண்ணுமே கேக்கல. எறங்கிட்டுக் கூப்புடுறேன்" என்றாள்.

மதுரை வரும்வரை பொறுக்காமல், பாதி வழியில் திருமங்கலத்திலேயே இறங்கிக் கூப்பிட்டாள்.