இரண்டு கையால் போன வாடகை

கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வள்ளி ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். முதியோர் பென்ஷனுக்கு மனு போடுவது, வருமானச் சான்று எடுப்பது, கரண்ட் பில் கட்டுவது என்று ஊரில் பாதிப் பேருடைய காகிதங்கள் அவள் கை வழியாகத்தான் போயின. "வள்ளி கையில குடுத்துட்டா கவலை இல்ல" என்பார்கள். அதைக் கேட்க அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, கடை நிறைய ஆள் நின்றிருந்த நேரத்தில், பக்கத்துத் தெரு பாஞ்சாலை வந்து சத்தமாகக் கேட்டாள்.

"ஏன் வள்ளி, உன் தம்பி சாமியாரா போயிட்டானா இன்னா?"

"யாரு, மாறனா?"

"ஆமா. நேத்து கிரிவலம் போனேன். காவிக்காரங்களுக்கு சோறு போடுறாங்க இல்ல, அந்த வரிசையில தட்டு வச்சினு நிக்கிறான். நான் கூப்ட்டேன், தலைய குனிஞ்சிக்கினான்."

கடையில் இருந்தவர்கள் வள்ளியைப் பார்த்தார்கள். அவள் கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "வேற யாராவது இருக்கும்க்கா" என்றாள். காது மடல் கொதித்தது. அது மாறன்தான் என்று அவளுக்குத் தெரியும்.

மாறன் அவளுக்கு ஐந்து வயது இளையவன். கட்டடத்தில் சென்ட்ரிங் வேலைக்குப் போய், இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். பிழைத்தான். ஆனால் பேச்சு தடுமாறும். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே வெகு நேரம் நிற்பான். சில நாள் வாயோரம் எச்சில் வழியும். நான்கு வருஷம் அவள் வீட்டில்தான் இருந்தான். போன வருஷம் மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றபோது கணவர் சொன்னார். "கல்யாணம் முடியற வரைக்கும் அவன் வேற எங்கனா இருக்கட்டுமே." வள்ளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவள் மனசிலும் அதுதான் இருந்தது.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், முன்னி பேகம் என்ற அம்மாவின் வீட்டுப் பின்புறம் ஒற்றை அறை கிடைத்தது. வாடகை மூவாயிரம். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் வரும் ஒரு காபிக் கடையில் காய் நறுக்கவும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவும் மாறனை வைத்துக்கொண்டார்கள். மாதம் ஆறாயிரம். "வாடகைய நான் பாத்துக்கறேன். சம்பளத்த நீ சாப்பாட்டுக்கு வச்சிக்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். முன்னி பேகத்தின் மகன் அயான் பெங்களூரில் வேலையில் இருந்தான். அவன் கணக்குக்குப் பணம் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி தானாகப் போகும்படி ஏற்பாடு செய்திருந்தாள். பிறகு அதைப்பற்றி நினைக்கவே இல்லை.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது மாறன் அறை வாசலில் உட்கார்ந்து பன்னை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தான். சட்டை தோளிலிருந்து தொங்கியது. அவளைக் கண்டதும் டம்ளரைப் பின்னால் மறைத்தான்.

"சாப்பாட்டுக்குதான சம்பளம் வாங்குற? அந்தப் பணமெல்லாம் எங்கடா போவுது?"

அவன் எழுந்து போய், தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குட்டி டைரியை எடுத்துவந்து நீட்டினான். மாதத்துக்கு ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் 'வாடகை 3000' என்று கோணல் எழுத்தில் எழுதி, கீழே முன்னி பேகத்தின் கையெழுத்து. முதல் இரண்டு, போன வருஷம் மே, ஜூன். அதற்குப் பிறகு இந்த ஜூலை வரை பதின்மூன்று.

வள்ளிக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. டைரியைப் பிடுங்கிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

"ஏம்மா, நான் ஒரு பக்கம் அனுப்பறேன், இவன்கிட்ட ஒரு பக்கம் வாங்குறீங்களா? பேச்சு வராதவன்னா எவ்ளோ வேணா பிடுங்கலாமா? நல்லவங்கன்னு நெனச்சேனே உங்கள!"

சந்தில் போன இரண்டு பேர் நின்றார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. முன்னி பேகம் அறுபது தாண்டியவர். கையில் வெங்காயமும் கத்தியுமாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க அனுப்பறீங்களா? யாருக்கும்மா?"

"உங்க மகனுக்கு. மாசா மாசம்."

முன்னி பேகம் அங்கேயே நின்று மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அயானின் குரல் முதலில் அலட்சியமாக வந்தது. கணக்கைத் திறந்து பார்த்ததும் குரல் இறங்கியது. பிறகு, "ஆமாம்மா. வந்துனுதான் இருக்கு. கார் தவணை அந்தக் கணக்குலதான் போவுது. நீ கையில வாங்குறன்னு சொன்னப்பறம், வாடகை இதுல வருதான்னு நான் பாக்கல" என்றான்.

அந்தம்மா போனை வைத்துவிட்டு வள்ளியைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"என் புள்ள பண்ணது தப்பு. கேக்காம வாங்கினது என் தப்பும்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன், சொல்லும்மா. போன வருஷம் ரெண்டு மாசம் பணம் வர்லன்னு அயான் சொன்னான். உங்களுக்கு அஞ்சாறு தடவ போன் பண்ணேன், நீங்க எடுக்கல. அப்பறம்தான் தம்பிகிட்ட கேட்டேன். அவரு கடையில முன்பணம் வாங்கியாந்து குடுத்தாரு. அதுலேந்து ஒண்ணாம் தேதி ஆனா அவரே வந்து நீட்டுவாரு. நீங்கதான் அவருகிட்ட குடுத்தனுப்பறீங்கன்னு நெனச்சினு இருந்தேன். இந்த ஒரு வருஷத்துல ஒரு தபா நீங்க வந்திருந்தா தெரிஞ்சிருக்குமே."

மே, ஜூன். சிந்துஜாவின் கல்யாணம். கணக்கில் பணம் இல்லாமல் அந்த இரண்டு தவணையும் போகாமல் நின்றது வள்ளிக்கு நினைவு வந்தது. பேங்கிலிருந்து செய்தியும் வந்திருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கினாள். நகை, மண்டபம், சமையல்காரர் என்று ஓடியதில், அந்த அம்மாவின் பெயரைப் போனில் பார்த்தும் எடுக்காமல் விட்டதும் நினைவு வந்தது. ஜூலையில் பணம் மறுபடி தானாகப் போகத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

சந்தில் நின்றவர்கள் இன்னும் போகவில்லை. "மன்னிச்சிடுங்கம்மா" என்றாள்.

அறைக்குத் திரும்பினாள். மாறன் வாசலிலேயே இருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும்.

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன் இல்ல? அந்தம்மா கேட்டப்போ எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா? நீ ஏன்டா கட்டின?"

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. அவள் காத்திருந்தாள். நான்கு வருஷம் ஒரே வீட்டில் இருந்தபோது அவள் அப்படிக் காத்திருந்ததே இல்லை. அவனுக்குப் பதிலாக அவளே பேசி முடித்துவிடுவாள்.

"வாடகை... குடுக்கலன்னா... ரூம காலி பண்ணச் சொல்வாங்க. அப்பறம் நான்... உன் வூட்டுக்குதான் வரணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "மாப்ள வூட்டுக்காரங்க... வந்து போவாங்க இல்ல. உனக்கு... கஷ்டம்."

வேலைக்குப் பக்கமாக இருக்கும் என்றுதான் அவனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்திருந்தாள். அவன் எல்லாம் புரிந்துகொண்டுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான். அவள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக, சோற்றுப் பணத்தை மாதா மாதம் கொடுத்திருக்கிறான். வள்ளிக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. அவன் முன்னால் அழுதால், அவன்தான் அவளைத் தேற்ற வேண்டியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அயான் பெங்களூரிலிருந்து வந்தான். முன்னி பேகத்தின் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். கூடுதலாக வந்தது முப்பத்தொன்பதாயிரம். அவ்வளவும் இப்போது கையில் இல்லை என்று அயான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான். பதினைந்தாயிரத்தை உடனே மாறன் கையில் கொடுத்தான். மீதிக்கு எட்டு மாதம் வாடகை வேண்டாம் என்று முடிவானது. வள்ளிதான் தாளில் எழுதினாள். எழுதியதை மாறனுக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்துக் காட்டினாள். அவன் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

மாறன் கட்டிய மே, ஜூன் வாடகை ஆறாயிரத்தை அவள் அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

"வூட்டுக்கு வந்துடு மாறா. யாரு வந்தா இன்னா?"

"கடையில... வேல இருக்குக்கா" என்றான். பிறகு, "இங்கயே... நல்லாருக்கு."

இரண்டாம் முறையும் கேட்டாள். மூன்றாம் முறை கேட்க வாய் வரவில்லை. எந்த உரிமையில் கேட்பது?

இப்போது வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை போகிறாள். கொண்டுபோகும் குழம்பை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பரிமாறுகிறாள். முன்னி பேகம் டீ கொடுத்து உட்காரச் சொன்னால் உட்காருகிறாள். ஆனால் அந்த முகத்தை நேராகப் பார்க்க இன்னும் முடியவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தால் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாகக் கடந்துபோகிறாள். கீழ்பென்னாத்தூரில் பாஞ்சாலை திரும்பவும் கடைக்கு வந்து, "அன்னிக்கு நான் பாத்தது உன் தம்பி இல்லியா?" என்று கேட்டபோது, கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"என் தம்பிதான்க்கா" என்றாள் வள்ளி.