தண்ணீர் அடிப்பதற்கு முன்

ஸ்பிரிண்ட் கோப்பைக்கு நான்கு நாள் இருந்தது. வடக்குப்பட்டுப் பக்கம் எங்கள் பண்ணையிலிருந்து பட்டுவைச் சென்னை ரேஸ் கோர்ஸுக்கு ஏற்றி அனுப்பும் காலை அது. பட்டு நான்கு வயதுப் பெண் குதிரை. நான் அதன் சைஸ், அதாவது குதிரையைப் பராமரிப்பவன். தீனி, குளிப்பு, கால் பார்ப்பது எல்லாம் என் வேலை. படுக்கை லாயத்தை ஒட்டிய அறையில். சுற்றிலும் கம்பெனி காம்பவுண்டுகள். ஷிஃப்ட் பஸ்கள் போகும், வரும். எனக்குத் தெரிந்தவர் யாரும் அவற்றில் இல்லை.

கோப்பைப் பந்தயம் ஆயிரத்து இருநூறு மீட்டர். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்காக வருடம் முழுக்கத் தயார் செய்திருந்தோம்.

விடிந்ததும் வழக்கம்போல் கால்களைத் தடவினேன். இடது முன்னங்காலின் பின்பக்க நரம்பில் லேசான சூடு. சூடு என்றால் நரம்பு நொந்திருக்கிறது. அதோடு முழு வேகத்தில் ஓடினால் நரம்பு அறுந்து குதிரை விழலாம். அப்படி விழும் குதிரையைப் பெரும்பாலும் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள்.

ட்ரெய்னர் சார் வந்தால் அவரே தொட்டுக் கண்டுபிடிப்பார் என்று இருந்துவிட்டேன். அவரிடம் நானாக எதுவும் பேசியதில்லை. ஆனால் பழக்கத்தில் ஹோஸை எடுத்து அந்தக் காலுக்கு அரைமணி நேரம் தண்ணீர் அடித்தேன்.

சார் தொட்டபோது கால் ஜில்லென்று இருந்தது.

"கால் பிரமாதம். ஏத்துங்க" என்றார். ஏற்றினேன்.

ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வேன் நின்றது. பின்னால் பட்டுவும் நானும்தான். குனிந்து தொட்டேன். ஈரம் காய்ந்து கால் சுட்டது.

டிரைவர் பாஷா பாய் சின்ன ஜன்னல் வழியாகத் திரும்பினார். "இன்னா நைனா, குதிரையாண்டயே பேசிக்கினு வர்ற? எங்கையிலயும் ரெண்டு வார்த்த பேசேன்."

"பாய், சாருக்கு போன் போட்டுக் குடுங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

"சார், தாஸ் பேசறேன். கால் சுடுது. காத்தாலயே சுட்டுது. நீங்க வர்றதுக்குள்ள தண்ணி அடிச்சிட்டேன்."

போனில் சார் கேட்டார்.

"பக்கத்துலதானய்யா நின்னுக்கினு இருந்த. அப்ப வாயத் தொறந்தா இன்னா?"

நான் பட்டுவின் காலை மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

"வண்டியத் திருப்பச் சொல்லு."

ஸ்கேனில் நரம்பு கிழியத் தொடங்கியிருந்தது தெரிந்தது. கோப்பை பட்டு இல்லாமல் நடந்தது. பட்டுவின் முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சாரிடம் சொன்னார்: "ரோட்டுக்குப் போய் வாயத் தொறக்கறவன் கையில என் குதிரைய வுடமாட்டேன்." அடுத்த வாரம் பட்டுவைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நன்றாக நடக்கிறதாம். பாய் சொன்னார்.

புதிதாக சைஸ் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உலர்ந்த காலை உலர்ந்த கையால் தொடுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தண்ணீர் பிறகு.

சார் என்னிடம் வேறொரு குதிரையைக் கொடுத்திருக்கிறார். இப்போது தினமும் காலையில் நானே சாருக்குப் போன் செய்கிறேன். நான்கு கால்களையும் வரிசையாகச் சொல்வேன். "சரி தாஸ்" என்பார். பல நாள் நான் மனிதர்களிடம் பேசுவது அவ்வளவுதான்.