ஜெசிந்தா அக்கா ‘இருக்கு’ என்ற புள்ளி

ஜெசிந்தா அக்கா போய்விட்டார். நேற்று காலை, காலேஜுக்குக் கிளம்பும்போது... ஹார்ட் அட்டாக்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு காலேஜில் ஃபிசிக்ஸ் பாடம் எடுத்தவர். நாங்கள் இருவரும் ஒரே வான் சர்வே டீம். பிரபஞ்சம் சின்ன வயதாக இருந்தபோது உண்டான, மிகத் தொலைவான கேலக்ஸிகளைத் தேடுகிறோம்.

சுருக்கமாகச் சொல்கிறேன். டெலஸ்கோப் கேமராவில் குறுகிய ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் உண்டு. அதில் பளிச்சென்று தெரிந்து, மற்ற ஃபில்டர்களில் காணாமல் போகிற புள்ளி அப்படியொரு கேலக்ஸியாக இருக்கலாம். அதுதான் எங்களுக்கு வேண்டும்.

பெரும்பாலும் அது கேமராவின் கோளாறாக இருக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ‘இருக்கு’ அல்லது ‘இல்லை’ என்று போடுவோம். கருத்து ஒத்துப்போகாவிட்டால் போனில் சண்டை... ஒருவர் மனம் மாறும்வரை.

“அக்கா, அது குப்பை.”

“பள்ளிக்கரணை குப்பைமேட்டுப் பக்கம் வளந்தவன்தானே நீ... உனக்கு எல்லாமே குப்பையாத்தான் தெரியும்.”

ஒருமுறை பொறுமை போய், “சரிக்கா, இருக்குன்னே போட்டுடறேன், ஆள விடுங்க” என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். “எனக்காகப் போடாதடா. உன் கண்ணுக்குத் தெரிஞ்சா போடு.”

போன வாரம் ஒரு புள்ளி. அவர் ‘இருக்கு’, நான் ‘இல்லை’. ஒரு மணி நேரம் கத்தினோம், முடியவில்லை. “அப்புறம் பேசிக்கலாம், குக்கர் கூப்பிடுது” என்றார்.

இன்று அடக்கம் முடிந்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் அவர் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, போன வாரம் அவ ஒரு புள்ளிய காட்டினா. எனக்கு வெறும் கறுப்பாத்தான் தெரிஞ்சுது... அது நெஜமாவே இருக்கா?”

‘இருக்கு சார்’ என்று சொல்லியிருக்கலாம்.

“தெரியல சார்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, ஷாமியானாவுக்கு அடியில் கிடந்த காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் இருக்கும்போதே டீம் லீடர் போன். உறுதி செய்யப் பெரிய டெலஸ்கோப்புக்கு அனுப்ப வேண்டிய புள்ளிகளை இந்த வாரமே முடிவு செய்ய வேண்டுமாம். “அவங்க இடத்துல வேற ஆளப் போட்டு, நீங்க சண்ட போட்ட அந்தப் புள்ளிய முடிச்சிரலாமா?”

வேண்டாம் என்றேன். “அத மட்டும் நிறுத்தி வைங்க சார். எங்க சண்டை முடியல.”

பஸ்ஸில் அந்தப் படத்தைத் திறந்தேன். ஒரு ஃபில்டரில் இருக்கிறது. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை.

போய்ட்டு வாங்கக்கா.

நான் இன்னும் ‘இல்லை’தான்.